மலைநாட்டிற் பிறந்த வாள்வீரர்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி வரும் புகையிரதம் நாவலப்பிட்டியை விட்டகன்றதும் தன் வேகத்தைத் தணித்துக்கொண்டு மலையேறத் தொடங்குகின்றது. இங்குறுஓயா, கல்பொட, வட்டவளை முதலிய நிலையங்களைக் கடந்து, எமது றொசல்லயைத் தொட்டு, அப்பால் ஹற்றனை நோக்கிச் செல்கின்றது. இவ்விருப்புப் பாதை நாவலப்பிட்டியை 1874ஆம் ஆண்டிலும் ஹற்றனை 1884ஆம் ஆண்டிலும் வந்தடைந்தது. இப்பாதையாற் பன்முறை சென்றுவந்த நாம், நாவலப்பிட்டியில் வண்டி நிற்குந்தோறும் முதியவர் ஒருவர் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எம். ஜி. ஆர். பிறந்த ஊர் இதுவே என்று அருகிலிருக்கும் சிறுவர்க்குக் காட்டக் கண்டிருக்கின்றோம். அவ்வாறு காட்டும்போது அம்முதியவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தையும் கண்டிருக்கின்றோம்.

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு எம்மைக் கேட்டபொழுது, புலவர் பெருமக்களும் ஞானியரும் பலர் இருக்க, நடிகர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுதல் கல்லூரி மலருக்குத் தகுமோ என முதலில் ஐயுற்றோம். ஆயினும் உண்மையை மறைப்பானேன்? எமது பழைய மாணவருள், மிலாற்றுக் கம்பை வாளாகப் பிடித்து, லயத்து முற்றத்திலே ஒருவரையொருவர் துரத்திப் போர் புரியாதவர் எத்தனை பேர்? அக்கம்பைப் பிடித்த ஒவ்வொருவர் மனத்திலும் குடிகொண்டிருந்த வீரர் ஒருவரே. ஆதலின் அவர் வரலாற்றையும், அதனோடு இயைந்த சில சுவையான செய்திகளையும் ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு சனவரி மாதம் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கோபால மேனன், தாயார் சத்தியபாமா. இருவரும் கேரளத்தவர். தாயாரின் ஊர் பாலக்காட்டைச் சார்ந்த வடவனூர். அவர் பிறந்தது கண்டியில் என்பாரும் நாவலப்பிட்டியில் என்பாரும் உளர். நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தைச் சேர்ந்ததாகலின் இவ்விரு கூற்றும் பெரிதும் முரண்பட்டனவல்ல. எவ்வாறாயினும் எமது மலைநாட்டிலேதான் அவர் கண் விழித்தார் என்பதிற் கருத்து வேறுபாடில்லை. அவர் மிகச் சிறு குழந்தையாயிருந்தபோதே தந்தையார் காலமாயினார். ஆதரவற்ற தாயார், மூத்தவரான சக்கரபாணியையும் இளையவரான இராமச்சந்திரனையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து கேரளத்துக்கும், பின்னர்க் கும்பகோணத்துக்கும் சென்றார். மலைநாட்டை விட்டகன்ற அக்குழந்தைக்கு இங்குள்ள மேகங்களும் குளிரும் நினைவிலிருந்திருக்கவும் மாட்டா.

கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியிற் சேர்ந்த அவரது படிப்பு மூன்றாம் வகுப்போடு முற்றுப்பெற்றது. அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று, அடுப்பெரியாமையே காரணம். தாயார் பிறர் வீடுகளில் உழைத்துப் பெற்றது மூவர் வயிற்றுக்குப் போதவில்லை. நாடகக் கம்பெனியிற் சேர்ந்தால் வேளைக்கு உணவு கிடைக்கும் என்பதனால், ஏழு வயதளவில் அச்சிறுவர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்க்கப்பட்டார். சச்சிதானந்தம் பிள்ளை நடத்திய அக்கம்பெனியிற் சிறுவர்களே ஆண் வேடமும் பெண் வேடமும் பூண்டு நடித்தனர். அங்கே அவருக்கு ஆசானாய் வாய்த்தவர் காளி என். இரத்தினம். பாட்டு, வசனம், நடை, சிலம்பம், வாள்வீச்சு ஆகிய யாவும் அங்கேயே கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் வியந்த வாள்வீச்சு, பசிக்கு உணவு தேடிச் சென்ற இடத்திற் பயின்ற வித்தையேயாகும். இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

நிற்க, வாள்வீச்சுப் படங்களின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க நாட்டிலே ஹொலிவூட் என்னும் திரைப்பட நகரில் இவ்வகைப் படங்களுக்கு வித்திட்டவர் டக்ளஸ் பெயார்பாங்க்ஸ். ஊமைப்படக் காலத்திலே, 1920இல் சோரோவாகவும், 1922இல் றொபின் ஹூட்டாகவும், 1924இல் பாக்தாத் திருடனாகவும், 1926இற் கருங்கடற் கொள்ளைக்காரனாகவும் தோன்றி, மதில்மேற் பாய்ந்தும் கயிற்றிலே தொங்கியும் உலகை மயக்கினார். அவர்க்குப் பின்வந்தவர் எரல் பிளின். அவுஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தஸ்மேனியாத் தீவில் ஹோபாட் நகரிலே 1909ஆம் ஆண்டிற் பிறந்த அவர், நடிகராவதற்கு முன்னர் நியூகினியிலே புகையிலைத் தோட்டமொன்றையும் நடத்தியவர். பள்ளிக்கூடங்கள் பலவற்றிலிருந்து நீக்கப்பட்டவர் என்பது மாணவர்க்குச் சொல்லத்தகாத செய்தியாயினும் உண்மையே. 1935இல் வெளிவந்த 'கப்டன் பிளட்' என்னும் படம், அதுவரை எவரும் அறியாத அவரை ஒரே நாளிற் பெருநடிகராக்கியது. 1938இல் அவரே றொபின் ஹூட்டாகவும் நடித்தார்.

இவ்விரு படங்களிலும் பிளின்னோடு பொருது மாண்ட பகைவராய் நடித்தவர் பசில் றத்போன். உண்மையில் வாள்வித்தையிற் பிளின்னை விட வல்லவர் அவரே. ஆயினும் கதையின் கட்டளைப்படி ஒவ்வொரு முறையும் தோற்றே ஆகவேண்டியவரானார். இதற்கொப்ப எமது தமிழ்த்திரையில் விளங்கியவர் எம். என். நம்பியார். திரையிலே அவர் கண்ணை உருட்டியவுடன் எம் தாய்மார் மண்ணை வாரித் தூற்றுவர். வெளியிலோ அவர் புலாலுண்ணாதவர். ஆண்டுதோறும் மாலையணிந்து சபரிமலைக்குச் சென்ற ஐயப்ப பக்தர். கொடியோராய் நடிப்பவர் கொடியோரல்லர் என்பதை இளைஞர் அறிதல் நன்று.

ஹொலிவூட்டுக்கும் எமது வீரருக்கும் உள்ள தொடர்பு வெறும் ஒப்புமை மாத்திரமன்று. அவரது முதற் படத்தை இயக்கியவரே ஓர் அமெரிக்கர். ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அவ்விளைஞர், கலிபோர்னியாவிலே திரைக்கலை பயின்று, 1935ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் அறியாதவராயிருந்தும் 1950ஆம் ஆண்டு வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். அவர் இயக்கி 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி'யிலேதான் இராமச்சந்திரன் ஒரு பொலிஸ் அதிகாரியாகச் சிறு வேடத்தில் தோன்றினார். அவ்வாய்ப்பைப் பெற்றுக் கொடுத்தவர் நாடகாசிரியர் கந்தசாமி முதலியார். முதலியாரின் மைந்தர் எம். கே. ராதா அப்படத்தின் கதாநாயகர். என். எஸ். கிருஷ்ணனும் டி. எஸ். பாலையாவும் அப்படத்திலேயே திரைக்கு வந்தனர்.

மலைநாட்டார் பலரும் அறியாத செய்தியொன்றுண்டு. எஸ். எஸ். வாசன் எழுதிய அக்கதையிலே, குடியாற் கெட்டுக் கொலைப்பழிக்கு அஞ்சிய கதாநாயகன் ஓடி ஒளியும் இடம் எதுவெனின், இலங்கைத் தேயிலைத் தோட்டமேயாம். அங்கு அவன் கூலியாளாய் உழைக்கின்றான். தோட்டத் தொழிலாளர் படும் பாட்டைத் தமிழ்த் திரை அன்றே காட்டிற்று. தேயிலை மலைகளிடையே பிறந்த குழந்தை, தேயிலைத் தோட்டத்தைக் காட்டிய படத்திலேயே நடிகராய் அறிமுகமாயிற்று என்பது விந்தையன்றோ?

முதற் படத்தின் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அவர்க்குக் கிடைத்தவை சில்லறை வேடங்களே. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்து 1945இல் வெளிவந்த 'மீரா'விலும் அவர் உளர். ஆனால் உற்று நோக்கினாலன்றிக் காண்டல் அரிது. அக்காலத்தில் டி. ஆர். இராமச்சந்திரன் என்னும் நகைச்சுவை நடிகர் பெரும் புகழோடு இருந்தமையால், எம்மவர் தம் பெயரை இராம்சந்தர் என மாற்றி வைத்துக்கொண்டு சில காலம் நடித்தார். பெயரையும் முழுமையாகத் தமதென்று சொல்ல இயலாத காலம் அது. ஈற்றில் 1947இல் ஜூபிட்டர் நிறுவனத்தார் ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கத்தில் எடுத்த 'ராஜகுமாரி'யிலே கதாநாயகரானார். அப்போது அவர்க்கு வயது முப்பது. இளமையிலேயே எல்லாம் கைகூடவில்லையே என்று ஏங்கும் மாணவர் இவ்வெண்ணை மறவாதிருப்பாராக.

அதன்பின் வெற்றிகள் அடுத்தடுத்து வந்தன. 1950இல் டங்கன் இயக்கத்தில் 'மந்திரிகுமாரி'. 1951இல் 'மர்மயோகி', அதில் அவர் றொபின் ஹூட்டைப் போன்று காட்டிலே கூட்டம் திரட்டி ஏழைகளைக் காக்கும் கரிகாலன். பேய் தோன்றும் காட்சிகள் இருந்தமையால், வயது வந்தோர்க்கு மாத்திரம் என்னும் சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படமும் அதுவே. 1954இல் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவலைத் தழுவிய 'மலைக்கள்ளன்'. இது சனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இக்கதை தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் எடுக்கப்பட்டதோடு நில்லாது, 1957இல் 'சூரசேன' என்னும் பெயருடன் சிங்களத்திலும் எடுக்கப்பட்டது. மொழி வேறாயினும் எளியார்க்கு உதவும் கள்ளனை எல்லா மக்களும் விரும்பினர் போலும். 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகும்.

1958இல் வந்த 'நாடோடி மன்னன்' அவர் வாழ்வில் ஒரு திருப்பம். தாமே தயாரித்து, தாமே இயக்கி, மன்னனாகவும் நாடோடியாகவும் இரு வேடந் தாங்கினார். கைப்பொருள் அனைத்தையும் அப்படத்திலே இட்டார்; படம் வீழ்ந்திருந்தால் அவரும் வீழ்ந்திருப்பார். உருவொத்த ஒருவன் மன்னனுக்குப் பதிலாய் அரியணை ஏறும் அக்கதைக்கு, 1937இல் ஹொலிவூட்டார் எடுத்த 'செண்டாவின் கைதி' முன்னோடி. அவ்வாங்கிலப் படத்தில் வாள்வல்ல வஞ்சகனாய் நடித்தவர், நாம் மேலே கூறிய பெயார்பாங்க்ஸின் மைந்தர். ஆனால் ஆங்கிலக் கதையில் இல்லாத ஒன்றை எமது வீரர் சேர்த்தார். அவருடைய நாடோடி அரியணையில் அமர்ந்ததும் வாளைச் சுழற்றுவதோடு நிற்கவில்லை. உழுபவர்க்கும் உழைப்பவர்க்கும் சட்டம் வகுத்தான். பார்த்தோர் அதனைக் கதையென்று மாத்திரம் கருதினாரல்லர்.

வாள்வீரராய் நடிப்பவர் உடலுக்கு ஊறு நேராதென்று எண்ணுதல் தவறு. 1959ஆம் ஆண்டில் சீர்காழியிலே 'இன்பக்கனவு' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, சண்டைக் காட்சியிலே அவர் கால் முறிந்தது. இனி அவர் பாய்தலும் தாவுதலும் இல்லையென்று பலர் முடிவு கட்டினர். அவரோ நாள்தோறும் உடற்பயிற்சி செய்து மீண்டும் எழுந்தார். அதே 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எரல் பிளின் வன்கூவர் நகரிற் காலமானார். அவர்க்கு அப்பொழுது ஐம்பதே வயது. மதுவினாலும் கட்டற்ற வாழ்வினாலும் அவ்வழகிய உடல் முன்னரே தளர்ந்து போயிருந்தது. எமது வீரரோ திரையிற்கூடப் புகைப்பதையும் குடிப்பதையும் விலக்கினார். வாளைப் பிடிக்கும் கை நடுங்கலாகாது என்பது அவர் கொள்கைபோலும்.

இனி எம் மலைநாட்டு மக்கள் நெஞ்சில் நீங்காது நின்ற படத்துக்கு வருவோம். 1965ஆம் ஆண்டிலே பி. ஆர். பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்தது. எரல் பிளின்னைப் பெருநடிகராக்கிய 'கப்டன் பிளட்' கதையே இதன் வேர். காயமுற்ற கலகக்காரருக்கு மருந்திட்ட குற்றத்துக்காக ஒரு மருத்துவன் கைதாகின்றான். கடல் கடந்து ஒரு தீவிலே அடிமையாய் விற்கப்படுகின்றான். பின்பு கடற்கொள்ளையரோடு சேர்ந்து, ஈற்றில் தன்னோடு விற்கப்பட்டோர் அனைவர்க்கும் விடுதலை பெற்றுத் தருகின்றான். தமிழில் அம்மருத்துவன் பெயர் மணிமாறன். தீவின் பெயர் கன்னித்தீவு. செயலலிதா அவரோடு சேர்ந்து நடித்த முதற் படமும் இதுவே.

ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள படமாளிகைகளுக்கு, மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையிறங்கிச் சென்ற எம் பெற்றோர், கடல் கடந்து தீவுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட மக்களின் கதையை எவ்வாறு பார்த்திருப்பர்? அமெரிக்கர்க்கு அது பொழுதுபோக்கு. மற்றையோர்க்கு அது வீரக்கதை. எம்மவர்க்கோ அது தம் பாட்டன் பாட்டியின் கதை. அப்படம் வருவதற்கு முந்திய ஆண்டு, 1964 ஒக்டோபர் மாதத்தில், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் இரு நாட்டாரும் உடன்பட்டனர். தாம் எந்தத் தொகையைச் சேர்ந்தவர் என்பதை அறியாத மக்கள், இருளிலே அமர்ந்து, அடிமைகள் விடுதலை பெறும் காட்சியைக் கண்டு கைதட்டினர். அதே 1965ஆம் ஆண்டில் அவர் நடிகை சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தபோது, தாம் பிறந்த நாட்டிலே தம்மைக் காணத் திரண்ட மக்கள் வெள்ளத்தைக் கண்டார். திரண்டோருள் இந்நாட்டிற் பிறந்தும் எந்நாட்டுக்கும் உரியரல்லாதோர் எத்தனை பேரோ!

இவ்விடத்தில் ஒரு சிந்தனை எழுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறத்தல் மாத்திரம் போதாது. தந்தையாரும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். கோபால மேனன் கேரளத்திற் பிறந்தவர். ஆகவே அவர் மைந்தர் மலைநாட்டை விட்டுப் போகாது இங்கேயே வளர்ந்திருப்பினும், அச்சட்டத்தின் முன்னே வம்சாவழிப் பிரசையாக எண்ணப்பட்டிருக்க மாட்டார். எமது மண்ணின் மைந்தரென்று நாம் புகையிரத யன்னலினூடு பெருமையோடு சுட்டிக்காட்டும் அவரும், சட்டத்தின் கண்ணுக்கு எம்மைப்போல் ஒருவரே. கடலுக்கு அப்பாலும் அவரது பிறப்பு வினாவுக்குரியதாகவே இருந்தது. அவர் தமிழரல்லர், மலையாளியார் என்று அரசியற் பகைவர் ஆண்டாண்டாய் ஏசினர். இங்கே பிறந்தும் இந்நாட்டவரல்லர். அங்கே வாழ்ந்தும் அந்நாட்டவரல்லர் என்னும் நிலை எம்மனோர்க்குப் புதிதன்று.

1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், சென்னையை அடுத்த இராமாவரம் தோட்டத்திலே, அவருடைய இல்லத்தில், நடிகர் எம். ஆர். ராதா அவரைத் துப்பாக்கியாற் சுட்டார். குண்டு கழுத்திற் பாய்ந்தது. திரையில் நூறு முறை வென்ற வீரர், மெய்யான குண்டின் முன்னே குருதி பெருக்கினார். உயிர் தப்பினார், ஆயின் குரல் தப்பவில்லை. மருத்துவமனையிற் படுத்திருந்தவாறே அவ்வாண்டுத் தேர்தலிற் பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். கழுத்திற் கட்டுடன் அவர் தோன்றிய படம் தமிழகத்துச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டது. நடிகர்க்குக் குரல் பாதி உயிர் என்பர். பிறரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்திருக்கலாம். அவரோ சிதைந்த அக்குரலோடே பேசிப் பழகி, அவ்வாண்டிலேயே 'காவல்காரன்' படத்தோடு மக்கள் முன் வந்தார். சொற்கள் தெளிவின்றி வந்தன. எனினும் மக்கள் அதனைத் தழும்பாகக் கொண்டனர், குறையாகக் கொண்டாரல்லர்.

1971ஆம் ஆண்டின் 'ரிக்ஷாக்காரன்' படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் விருது அவரை அடைந்தது. முடி தரித்த வேடங்கள் பெற்றுத் தராத விருதை, வண்டி இழுக்கும் உழைப்பாளியின் வேடம் பெற்றுத் தந்தமை நோக்கற்பாலது. 1972 ஒக்டோபரில் தனிக் கட்சி கண்டார். 1977 சூன் 30ஆம் நாள் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். 130க்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவர் இறுதியாக நடித்து 1978இல் வெளிவந்தது 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. வாளோடு வந்தவர் வாளோடே திரையை விட்டு நீங்கினார். பொன்னால் இயன்ற வாளொன்றைக் கொல்லூர் மூகாம்பிகை அம்மன் கோயிலுக்குக் காணிக்கையாக அளித்தார் என்பதையும் எமது இந்துக் கல்லூரி வாசகர் அறிந்து மகிழ்வர்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கல்விக்குச் செய்தவற்றுட் சிலவற்றைக் கூறுவோம். 1978ஆம் ஆண்டிலே பெரியார் வகுத்த எழுத்துச் சீர்திருத்தத்தை அவரது அரசு ஏற்று ஆணையிட்டது. ணை, லை, னை முதலிய எழுத்துக்களை இன்று எமது மாணவர் எழுதும் வடிவம் அதனாற் பரவியதே. முதியோராகிய எம்மிற் சிலர் இன்னும் பழைய யானைத் தும்பிக்கை வடிவத்தை எழுதி மாணவர் நகைப்புக்கு ஆளாகின்றோம். 1981இல் தஞ்சாவூரிலே தமிழ்ப் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதே ஆண்டில் மதுரையில் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார்.

இவை யாவற்றிலும் மேலானது சத்துணவுத் திட்டம். பள்ளியிலே பகலுணவு அளிக்கும் பணியைக் காமராசர் 1956இலேயே தொடக்கி வைத்திருந்தார். 1982 சூலை முதலாம் நாள் அதனைப் பெருந் திட்டமாக விரித்தவர் இவர். முதலிற் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறார்க்கும், சின்னாட்களில் நகரங்களுக்கும், 1984இற் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் அது நீண்டது. இத்துணை இலட்சம் குழந்தைகளுக்கு உணவிடப் பணம் எங்கேயென்று அறிஞர் பலர் வினவினர். சோற்றுக்காகப் பள்ளியை விட்டு நாடகக் கம்பெனிக்குச் சென்ற சிறுவனை அவர் மறந்தாரல்லர் என்பதே அதற்கு விடை. பசித்தவனுக்குப் பள்ளி எங்கேயோ சோறும் அங்கேயே இருத்தல் வேண்டும் என அவர் கண்டார். ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய எம் உறவினரின் பிள்ளைகளும், தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளிலே அச்சோற்றை உண்டிருப்பர் என்று எண்ணுங்கால் எம் நெஞ்சு நெகிழ்கின்றது.

ஆயினும் வரலாறு எழுதுவோர் புகழ் மாத்திரம் பாடுதல் முறையன்று. திரையில் மது அருந்துவதைப் பெரும்பாலும் தவிர்த்தவரின் ஆட்சியிலேதான் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1983இல் அரசாங்க மதுவாணிபக் கழகமும் தோன்றியது. திரையிற் கண்ட வீரனையும் ஆட்சியிலிருந்த மனிதரையும் மக்கள் வேறுபடுத்திப் பார்க்கத் தவறினர் என்னும் குற்றச்சாட்டும் உண்டு. வாள்வீச்சில் வல்லவர் நல்லாட்சியிலும் வல்லவராவர் என்பதற்கு நியதியில்லை. இக்குறைகளையும் அறிந்து மதிப்பிடுதலே கற்றோர்க்கு அழகு.

1984ஆம் ஆண்டில் அவர் கொடிய நோய்வாய்ப்பட்டார். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனையிலே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அங்கிருந்தவாறே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வெற்றி பெற்றார். முன்னரே சிதைந்திருந்த பேச்சு நோயினால் மேலும் குழறிற்று. 1987 திசெம்பர் 24ஆம் நாள் காலமானார். மறு ஆண்டில் பாரத ரத்னா விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் சென்னை மத்திய புகையிரத நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நாவலப்பிட்டிப் பக்கத்திற் பிறந்தவர் பெயர், தென்னிந்தியாவின் பெரிய புகையிரத நிலையங்களுள் ஒன்றுக்கு வாய்த்தது காண்க.

அவர் எழுதி வைத்துச் சென்ற உயிலை இறுதியாகக் குறிப்பிடுவோம். தாம் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் வாய்பேசாத, காதுகேளாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் பள்ளியும் அமைய வேண்டுமென அதில் விதித்தார். அவ்வாறே அமைந்தன. குண்டு பாய்ந்து குரல் சிதைந்த அதே தோட்டம், குரலில்லாத பிள்ளைகள் கற்கும் இடமாயிற்று. தோட்டம் என்றால் எமக்குப் பொருள் வேறு. அஃது எம்மவர் பிறந்து, கொழுந்தெடுத்து, உரமாகிப் போகும் மலை. எனினும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளியொன்று வேண்டுமென்று ஏங்கி, கைக்காசு சேர்த்த எம் முன்னோர்க்கு அவ்வுயிலின் அருமை நன்கு விளங்கும்.

பிறந்த மண் எது, எவ்வினத்தவர், எந்நாட்டவர் என்னும் வினாக்கள் அவரைச் சாகும்வரை தொடர்ந்தன. அவற்றுக்கு அவர் வாளால் விடை கூறவில்லை; இலையிலிட்ட சோற்றாலும் விட்டுச்சென்ற பள்ளியாலும் விடை கூறினார். எம் மலைநாட்டு மக்களைத் தொடர்ந்த அதே வினாக்களுக்கு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் ஏட்டளவில் முடிவு வந்தது. அதற்குள் மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. ஏட்டில் வந்தது லயத்துக்கும் வந்து சேர்தல் இனி எம் பிள்ளைகளின் முயற்சியைப் பொறுத்தது.

ஆகவே அடுத்த முறை நாவலப்பிட்டியில் வண்டி நிற்கும்போது, முதியோரே, ஊரை மாத்திரம் காட்டாதீர்கள். பசித்த சிறுவன் ஒருவன் பசியை மறவாதிருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிலாற்றுக் கம்பை வாளெனப் பிடித்து விளையாடும் சிறுவரே, தாராளமாக விளையாடுங்கள், நாமும் விளையாடியவர்களே. மணி அடித்ததும் கம்பைப் படலையோரம் சாத்திவிட்டு வகுப்புக்குள் வாருங்கள். அவர்க்கு மூன்றாம் வகுப்போடு அடைபட்ட கதவு, உங்களுக்குத் திறந்திருக்கின்றது.